எட்டு மணி மிஸ்டு கால்

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. முழங்கால் வலி வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் பொழிச்சலூர் சர்ச்சில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவள். இந்த ரத்தினபாயைப் போய் ஒருத்தி, தன் புருஷனை வளைத்துப் போட்டவள் என்று திட்டினால், நான் சிரிப்பதா அழுவதா?

எல்லாம் ஆஸ்பத்திரியில் எங்களுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் பிளஸ்ஸி செய்த ஏற்பாடு. எச்.ஐ.வி. மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது, விட்டால் அப்புறம் மருந்து கேட்காது என்று, தாம்பரத்தில் மாத்திரை வாங்க வரும் எங்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டாள். காலை எட்டு, இரவு எட்டு. மாத்திரை போட்டதும் மற்றவருக்கு ஒரு மிஸ்டு கால். என் ஜோடி எத்திராஜ், கொட்டிவாக்கம் குப்பத்தில் கடலுக்குப் போகிறவன். எனக்கு இந்த வியாதி என் வீட்டுக்காரர் விட்டுப்போனது. அவனுக்கு எப்படி வந்தது என்று நான் கேட்டதில்லை. இரண்டு வருஷமாக ஒரு வேளை தவறவில்லை, அந்த விஷயத்தில் தங்கமான பிள்ளை.

ஒன்றில் மட்டும் மகா கோழை. மனைவி முத்தாலம்மாளிடம் மூச்சு விடவில்லை.

"வயித்துப்புண் மாத்திரன்னு சொல்லிகினு கீறேன்க்கா. தெரிஞ்சா பசங்கள இட்டுகினு பூடுவா. அவ இல்லாங்காட்டி நான் இன்னாத்துக்கு மாத்திர துன்னணும்?"

"அவளுக்கும் டெஸ்ட் எடுக்கணுமேடா, மடையா!" என்று மாசாமாசம் கத்துவேன். அடுத்த மாசம் என்பான்.

அன்று காலை எட்டேகால் ஆகியும் அவன் கால் வரவில்லை. நானே கொடுத்தேன். இரண்டாவது ரிங்கில் எடுத்தது முத்தாலம்மாள்; என் ஹலோவைக் கேட்டதுமே சீறினாள்.

"யார்டி நீ? ரத்தினம்னு ஆம்பள பேரு போட்டுகினு டெய்லி எட்டு மணிக்கு சிக்னலா குடுக்கிற?"

பாவி, என் பெயரைப் பாதியாக வெட்டியா போனில் போட்டு வைத்திருக்கிறான்! உண்மையைச் சொன்னால் என் மானம் அந்த நிமிஷமே திரும்பிவிடும். ஆனால் அது அவன் வாயால் வரவேண்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் திட்டியதையெல்லாம் கேட்டுக்கொண்டேன்.

"தில்லு இருந்தா வூடு எங்கன்னு சொல்லுடி!"

எனக்கும் ரோஷம் வரும்தானே? "பொழிச்சலூர், சர்ச்சுக்குப் பின்னால பச்சை கேட். வா!" என்றுவிட்டேன். போனை வைத்த பிறகுதான் ஐயோ ஆண்டவரே என்றிருந்தது.

ஒன்பதரைக்கு ஆட்டோ வந்து நின்றது. முன்னால் அவள், பின்னால் தலையைத் தொங்கப்போட்டபடி அவன். என் நரைத்த தலையையும் முழங்காலில் போட்டிருந்த கட்டையும் பார்த்துத் திகைத்துப்போனாள்.

"இந்தக் கெயவியா?" என்றாள் அவனிடம். எனக்குச் சுருக்கென்றது.

"எத்திராஜு, நீ சொல்றியா, இல்ல நான் இந்தக் கெட்ட பேரோடயே சாகணுமா?" என்றேன்.

அவன் தரையில் உட்கார்ந்து சொன்னான். வியாதியின் பெயரையும் சொன்னான், இரண்டு வருஷமாக மறைத்ததையும் சொன்னான். முத்தாலம்மாள் இரண்டு கையாலும் அவன் முதுகில் சாத்தினாள். நான் தடுக்கவில்லை. பிறகு அவளும் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"பூடாத முத்து," என்று அவன் கெஞ்சினான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இவள் போய்விட்டால் இவன் நாளையிலிருந்து மாத்திரையைத் தொடமாட்டான்.

அவள் எழுந்தாள்.

"இன்னிக்கி மாத்திர துன்னியா?"

"நீதான் போன புடுங்கிகினு சண்ட வலிச்சியே..." அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினான்.

அவள் சொந்த வீடு மாதிரி என் சமையலறைக்குள் நுழைந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"முழுங்கு. உன்ன சாவடிக்கிறதா இருந்தா நான்தான் சாவடிக்கணும். அந்த நோவு யாரு?"

அவன் முழுங்கினான். மிச்சத் தண்ணீரை அவளே அண்ணாந்து குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தாள்.

"எனக்கும் ரத்தம் எடுத்துப் பாக்கணும்ல? பயமா கீதுக்கா. நீ கூட வர்றியா?"

அந்த ஒரு அக்காவில் அவளை எனக்கு அப்படிப் பிடித்துப்போனது.

"இரு, புடவை மாத்திக்கிட்டு வர்றேன்," என்றேன்.