நாற்பத்திரண்டு ஸ்பானர்கள்

‘மார்ச் 11, புதன். இன்று ஒரு சிறு தவறு. கருவி மாட்டும் பலகையில் நாற்பத்திரண்டு ஸ்பானர்கள் இருப்பதாகக் கையெழுத்துப் போட்டேன். நாற்பத்திரண்டும் இருந்தன. ஒன்று எங்களுடையதல்ல.’

வேலை முடிந்து போகும் மாலை வகுப்பில் தன் நாட்குறிப்பு நோட்டில் இதை எழுதி முடித்த பிறகுதான் சின்னவள் நடந்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். என்ஜின் தொழிற்சாலையில் போர் விமானப் பிரிவின் ஸ்பானர்களுக்குச் சிவப்பு டேப், பயணிகள் விமானப் பிரிவுக்கு நீலம். மதியம் தன் சிவப்பு ஸ்பானர் ஒன்று கண்ணில் படாததால், பக்கத்துப் பயணிகள் விமானக் கூடத்தில் வேலை செய்யும் அக்காவிடம் நீலம் ஒன்றை வாங்கினாள். அப்படி வாங்குவது விதிப்படி கூடாது. பிறகு சிவப்பு கிடைத்து, அக்கா மேசையில் ஏதோ ஒன்றை வைத்துவிட்டு வந்த ஞாபகம். அது இன்றா, போன வாரமா என்பது நிச்சயமில்லை. பலகையில் கடைசியாக மாட்டியது நீலம். அது மட்டும் நிச்சயம். அப்படியானால் ஒரு சிவப்பு அக்காவின் பலகையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் என்ஜினுக்குள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

“அக்கா, உங்க நீலம் ஒண்ணு எங்க பலகையில இருக்கு. உங்க பலகைய எண்ணினியா?”

“கையெழுத்துப் போட்டேன்.”

“எண்ணினியான்னு கேட்டேன்.”

“பெரிய இன்ஸ்பெக்டர் இவ.” அக்கா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. “காலைல பாத்து சத்தமில்லாம மாத்திடலாம், விடு.”

“கூடம் திறக்கறது ஏழு மணிக்கு. எங்க என்ஜினை ஆறு மணிக்கே ஓட்டிப் பாக்கறாங்க.”

அக்கா மடிப்பதை நிறுத்தினாள். ஸ்பானர் உள்ளே கிடந்தால் என்ஜின் சுக்குநூறாகும் என்பதை இருவரும் ஒரே பயிற்சியில்தான் படித்திருந்தார்கள்.

“உன் வேலை நிரந்தரமாகறது என்னிக்கு?”

“வெள்ளிக்கிழமை.”

“என் பேரையும் சொல்லணுமா?”

“சொல்லாம எப்படிக்கா?”

“சரி, சொல்லித் தொலை. கையெழுத்து என்னோடதுதானே.”

சின்னவள் ஃபோர்மேனுக்குப் போன் செய்து, வரிசை மாறாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

“உள்ளதான் இருக்குன்னு உறுதியாத் தெரியுமா?”

“தெரியாது சார்.”

“தெரியாமலே என்ஜினை நிறுத்தச் சொல்றே.”

“ஆமா சார். தெரியாததாலதான்.”

பின்னணியில் யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

“நிறுத்தறேன். வெள்ளிக்கிழமை விஷயத்துல என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. அக்காவையும் கூட்டிட்டு வா.”

சின்னவள் நோட்டை எடுத்து, விட்ட இடத்தில் எழுதினாள்.

‘நாளை: ஏழு மணிக்கு அக்காவின் பலகையை நிறம் பார்த்து எண்ண வேண்டும். சிவப்பு அங்கே இல்லையென்றால் என்ஜினைப் பிரிக்க வேண்டும்.’