குழாயில் டீசல் வாடை

மூன்றாவது முறையாக அந்த வெள்ளைக் காரை, பனமரத்துப்பட்டி பிரிவில் இருக்கும் என் ஷெட்டுக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பார்த்ததுமே எனக்கு அசதியாகிவிட்டது.

ஓட்டி வந்தவர் தம்மம்பட்டி ஜெபமலர். கணவர் சேவியர்ராஜ் பின்சீட்டில் சாய்ந்து கிடந்தார். அவருக்கு வாரம் மூன்று நாள் சேலத்தில் டயாலிசிஸ். அவர் படுத்த பிறகுதான் ஜெபமலர் ஸ்டியரிங்கையே பிடித்தார். போன வாரம் வண்டி நடுவழியில் நின்று ஒரு நாள் டயாலிசிஸ் தவறிப்போக, சேவியர்ராஜ் மூச்சுத் திணறி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். இன்றைய டயாலிசிஸ் பத்து மணிக்கு. இதுவும் தவறினால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும்.

ஸ்கேனர் பழைய பல்லவியையே பாடியது: எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கிற சென்சாரில் கோளாறாம். முதல் தடவை அதைக் கழுவினேன். இரண்டாம் தடவை புதிது மாட்டினேன். இனி எதைத்தான் மாற்றுவது? இப்போதும் நின்ற இடத்தில் ஸ்டார்ட் செய்தால் வண்டி பசு மாதிரி சாதுவாக ஓடியது.

எரிச்சலோடு, பிரேக்கை மிதித்துக்கொண்டே முதல் கியரில் கிளட்ச்சை லேசாக விடச் சொன்னேன் ஜெபமலரிடம். பாரம் ஏறியதும் எஞ்சின் ஒரு பக்கம் சாய்ந்தது. சென்சாரைத் தாண்டி இருக்கும் ரப்பர் குழாயின் மடிப்பில் ஒரு வெடிப்பு உஸ்ஸென்று வாயைத் திறந்தது. அளக்காத காற்று அந்த வழியாகப் போனால் கணக்குத் தப்பி எஞ்சின் அணையத்தான் செய்யும். பாவம், சென்சார் மேல் குற்றமே இல்லை.

குழாயைத் தொட்டால் கொழகொழவென்று ஊறியிருந்தது. விரலில் டீசல் வாடை. பெட்ரோல் வண்டியில் டீசல் ஏது? முன்பு சர்வீஸுக்கு வந்தபோதெல்லாம் நான் அடித்ததுதான். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன் எஞ்சின் மேல் டீசல் அடித்துத் துடைத்தால் புதுசு போல மின்னும், பார்ட்டி சந்தோஷப்படும். இந்த ரோட்டில் எல்லா ஷெட்டிலும் செய்வதுதான். வேலியே பயிரை மேய்ந்த கதை.

வேறொரு வண்டியின் குழாயைக் கழற்றி மாட்டினேன். சொல்லாமலே அனுப்பியிருக்கலாம். ஆனால் பின்சீட்டில் வீங்கிக் கிடந்த கால்கள் கண்ணில் பட்டன. வெட்கமாக இருந்தது.

"தப்பு என்னுதுங்க. நான் அடிச்ச டீசல்ல குழாய் ஊறி வெடிச்சுப்போச்சு," என்றேன்.

ஜெபமலர் திட்டவில்லை. ஸ்டியரிங்கை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நான் ஓட்டுனதுல தப்பில்லைங்களா?"

ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று நாளும், கிளட்ச் விடத் தெரியாதவளை நம்பி உயிரை வைத்திருக்கிறேன் என்று கணவர் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

"அவருகிட்ட ஒருக்கா சொல்லிருங்கண்ணே. நான் சொன்னா நம்ப மாட்டாருங்க."

பின்கதவைத் திறந்தேன். சேவியர்ராஜ் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.