ஆறு வாரம் பொறுக்கலாம்

ஹார்மோன் ஆய்வுக்கூடத்தில் அவள் சேர்ந்து இருபத்தாறு வருடங்கள். ஆண்களுக்கு வயதானபின் புராஸ்டேட் சுரப்பி ஏன் வீங்குகிறது, எப்போது அது புற்றுநோயாகிறது என்று தேடுவதுதான் வேலை. அந்த வருடம் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தாள். தேர்வுக் குழுவின் தலைவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னார்.

"நல்ல வேலைதாம்மா. ஆனா உங்க கட்டுரைகளை யாரும் பெருசா மேற்கோள் காட்டலையே. இதையே எடுத்துக்குங்க. ஏழு வருஷத்துல பதினாலு பேர்."

ஒன்பது பக்கக் கட்டுரை அது. பிஎஸ்ஏ என்ற இரத்தப் பரிசோதனையில் அளவு கூடியிருந்தால், சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிக்கு உடனே ஓட வேண்டாம். ஆறு வாரம் கழித்து மறுபடி பார்த்தால் மூன்றில் ஒருவருக்கு அளவு தானாகவே இறங்கியிருக்கும். நானூற்றுப் பன்னிரண்டு ஆண்களை நான்கு வருடம் பின்தொடர்ந்து அவள் கண்டது அதுதான்.

முகம் வாடி வீட்டுக்கு வந்தபோது தம்பி வந்திருந்தான். லிஃப்ட் மெக்கானிக். ஐம்பத்தாறு வயதாகியும் அக்கா வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்காமல் உட்காரமாட்டான்.

"பதினாலு பேரா? நான் ரிப்பேர் பண்ற லிஃப்ட்ல தினம் ஆயிரம் பேர் ஏறுறாங்க. ஒருத்தனாவது என் பேரைச் சொல்லியிருக்கானா?"

"அதுவும் இதுவும் ஒண்ணாடா?"

"ஒண்ணுதான். ஒழுங்கா மேல போய்ச் சேர்ந்துட்டா மெக்கானிக் ஞாபகம் யாருக்கு வரும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து அதே தம்பி, கிரீஸ் படிந்த வேலைச் சட்டையோடு ஆய்வுக்கூட வாசலில் நின்றான். அதுவரை அங்கே வந்ததே இல்லை. கையில் எட்டாக மடித்த ஒரு தாள்.

"கம்பெனில எல்லாருக்கும் செக்கப் பண்ணாங்க. இதுல ஒரு இடத்துல சிவப்பா போட்டிருக்கு. உன் சப்ஜெக்ட்தானேக்கா இது?"

பிஎஸ்ஏ ஒன்பது புள்ளி நான்கு. நான்குக்குள் இருக்க வேண்டியது. அந்த மாதிரி எண்களை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். அவன் பெயருக்கு நேராக ஒருபோதும் பார்த்ததில்லை. "ஒண்ணும் இருக்காதுடா" என்றாள். தாளை மேஜைமேல் வைத்து, இன்னொரு தடவை படித்தாள்.

மறுநாள் வேறொரு மருத்துவமனையில், சிறுநீரியல் மருத்துவரின் எதிரே, நோயாளி உட்காருவதற்கு முன்பே அவள் உட்கார்ந்தாள். மருத்துவர் சின்ன வயதுக்காரர்.

"பயாப்ஸி நாளைக்கே வெச்சுக்கலாமா, டாக்டர்?"

"அவசரம் வேண்டாங்க. ஆறு வாரம் கழிச்சு இன்னொரு தடவை ரத்தம் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

"அதுக்குள்ள பரவிட்டா?"

"ஆறு வாரத்துல அப்படி ஓடுற வியாதி இல்லைங்க இது."

"எல்லாருக்கும் அப்படிச் சொல்ல முடியாது. ஏதோ ஒரு ஆய்வை வெச்சு என் தம்பி உயிரோட விளையாடாதீங்க!"

மருத்துவர் கோபப்படவில்லை. மேஜை டிராயரிலிருந்து ஓரம் நைந்த சில ஜெராக்ஸ் தாள்களை எடுத்தார். "வர்றவங்க எல்லாருக்கும் இதைத்தான் படிச்சுக் காட்டுவேன். இந்த வரியைப் பாருங்க."

மஞ்சள் மையில் கோடிட்டிருந்தது: 'பதற்றத்தின் காரணமாக மட்டும் பயாப்ஸி செய்வதைத் தவிர்க்க வேண்டும்.' அந்த வரியை நீக்கச் சொன்ன இதழ் ஆசிரியர்களோடு அவள் ஒரு மாதம் சண்டை போட்டிருக்கிறாள்.

தம்பி எட்டிப் பார்த்தான். தாளின் உச்சியில் இருந்த பெயரைப் படித்தான்.

"இதை எழுதினவங்க விவரம் தெரிஞ்சவங்களா, டாக்டர்?"

"ரொம்ப. படிக்கிற காலத்துலேர்ந்து இதைத்தான் நம்பிட்டிருக்கேன்."

"எழுதினவங்களே நம்பலைன்னா என்ன பண்றது?"

மருத்துவர் அவனைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருத்துவர் மறுபடி உட்கார்ந்து தம்பியிடம் திரும்பினார். "சமீபத்துல சிறுநீர் போறப்ப எரிச்சல் ஏதாவது இருந்துதா?"

தம்பி தலையைச் சொறிந்தான். "செக்கப்புக்கு முன்னாடி ரெண்டு நாள் இருந்துது. மருந்துக் கடையில கேட்டு மாத்திரை போட்டுக்கிட்டேன்."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"இதையெல்லாம் அக்காகிட்ட சொல்லுவாங்களா?"

"ஊர்ல இருக்குற ஆம்பளைங்க மூத்திரத்தையெல்லாம் பார்த்தவடா நான்!"

வெளியே வரிசையில் காத்திருந்தவர்கள் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கிருமித் தொற்றினாலும் அந்த அளவு ஏறும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஆறு வாரமும் நெருப்பின்மேல் நிற்பதுபோல் இருந்தது. ஒரு நாளைக்கு மூன்று முறை போன் செய்வாள். "லிஃப்ட் குழிக்குள்ள நிக்கிறேன்க்கா, வை போனை" என்று அவன் கத்துவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தானாகவே வந்தான். ஆடாத கதவுகளைக்கூட விடாமல் திருகாணி போட்டு இறுக்கினான். பிறகு ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு சொன்னான்:

"நாலாவது வாரம்தான்க்கா மோசம். முதல்ல பயமா இருந்துது. அப்புறம் கொஞ்சம் மறந்துபோச்சு. இப்ப யாராவது 'நல்லா இருக்கியா'ன்னு கேட்டாலே அடிக்கணும்போல இருக்கு."

அவள் அவன் தோளில் கை வைத்தாள். தன் ஒன்பது பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது பரிசோதனையில் மூன்று புள்ளி ஒன்று. வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும் என்றார் மருத்துவர். பிறகு கூச்சத்தோடு சொன்னார்: "எங்க டிபார்ட்மெண்ட்ல நாலு பேரும் உங்க கட்டுரையை வெச்சிருக்கோம், மேடம். நாங்க கட்டுரை எழுதுறதில்லை. அதனால மேற்கோள் காட்டுனதில்லை."

படிக்கட்டில் இறங்கும்போது அவளுக்கு அழுகை வந்தது. "நல்லாத்தானே இருக்கு, இப்ப எதுக்கு அழுற?" என்று அதட்டிய தம்பி தன் மூக்கையும் துடைத்துக்கொண்டான்.

அடுத்த மாதமே அவள் புதிய ஆய்வு ஒன்றைத் தொடங்கினாள்: அந்த ஆறு வாரம் எப்படிக் கழிகிறது என்று காத்திருப்பவர்களையே கேட்பது. தம்பியைச் சேர்க்க முடியாது, உறவுக்காரன் என்றதும் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. கேள்வித்தாளைப் பிடுங்கிக்கொண்டு பென்சிலோடு உட்கார்ந்தான். 'உங்கள் மனப்பதற்றத்தை ஒன்று முதல் பத்து வரை குறிப்பிடவும்' என்பதை அடித்துவிட்டு, கீழே எழுதினான்: 'இந்த வாரம் யார்மேல எரிஞ்சு விழுந்தீங்க?'

அவள் அதை அப்படியே அச்சுக்கு அனுப்பினாள். முதலில் வந்த தாள் ஒரு தபால்காரருடையது. மற்ற கேள்விகளுக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லியிருந்தவர், இதற்கு மட்டும் இடம் போதாமல் பின்பக்கம் முழுவதும் எழுதியிருந்தார்.