அடிமுடிச்சு

நடுவர்கள் ஐந்து பேரும் நீள மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, பென்சிலைக் கடித்து மண்டையை உடைத்துக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். இந்த வருஷத்துக் கடற்கரை அழகி யார் என்பது எனக்கு மத்தியானமே தெரிந்திருக்கும். ஜோசியமெல்லாம் இல்லை. நான் தலை அலங்காரம் செய்பவள்.

எல்லாம் அந்தக் கிரீடத்தால் வந்தது. இறுதிச் சுற்று நடப்பது கடலைப் பார்த்த மேடையில், வெயில் சாயும் நேரத்தில். டிவிக்காரர்களுக்குப் பின்னணியில் பொன்னிறத் தண்ணீர் வேண்டும். தண்ணீரோடு காற்றும் வரும் என்பது முதல் வருஷம் யாருக்கும் தோன்றவில்லை. அழகிக்குக் கிரீடம் வைத்தார்கள், அவள் கையை ஆட்டினாள், அது கழன்று தொகுப்பாளரின் காலில் விழுந்து மேடையோரம் வரை உருண்டது. ஊரே நேரலையில் பார்த்துச் சிரித்தது. அடுத்த வருஷத்திலிருந்து நான் அடிமுடிச்சு போடுகிறேன். உச்சந்தலையில் முடியைப் பிரித்து இரண்டு மெல்லிய பின்னல் போட்டு, குறுக்கே ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்துக் கறுப்பு நூலால் தைத்து, மேலே ஹேர்பின்களைப் பெருக்கல் குறியாகக் குத்த வேண்டும். மேல்முடியைச் சீவி மூடிவிட்டால் வெளியே தெரியாது. கிரீடத்தின் அடியில் உள்ள சின்னச் சீப்புகள் அதைக் கவ்விக்கொள்ளும். பிறகு புயலே அடித்தாலும் அசையாது.

"கடைசிச் சுற்றுக்கு வர்ற அஞ்சு பொண்ணுங்களுக்கும் போட்டுடட்டுமா சார்?" என்று அப்போது அமைப்பாளரிடம் கேட்டேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சென்ட்டு. ஆள் லிஃப்டில் ஏறும்போதே வாசனை எங்கள் அறைக்கு வந்துவிடும்.

"ஒரு தலைக்கு இருபது நிமிஷம்ங்கற. அஞ்சு தலைக்கு நேரம் எங்க இருக்கு? ஒருத்திக்குப் போட்டா போதும். நம்பர நான் சொல்றேன்" என்றார்.

அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. என் வேலை முடி, முடிக்குக் கீழே இருக்கிற சங்கதி எனக்கெதற்கு என்று வாயை மூடிக்கொண்டேன். எட்டு வருஷம் அதையே சொல்லிச் சமாளித்தாயிற்று. ஒன்பதாவது வருஷம் என் தங்கை மகள் வந்து போட்டியில் நின்றாள்.

வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம். அடிமுடிச்சை நான் பழகியதே அவள் தலையில்தான். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. சமையலறை ஸ்டூலில் உட்காரவைத்து, முடிச்சுப் போட்டு, கிரீடத்துக்குப் பதிலாக எவர்சில்வர் வடிகட்டியை மாட்டிப் பார்ப்பேன். அவளும் சளைக்காமல் தலையைக் குனிந்து, "வைங்க பெரியம்மா, மகாராணி ரெடி" என்பாள். ஒருத்திக்கு மட்டும்தான் போடுவோம் என்பதை ஏதோ பெரிய சாமர்த்தியம்போல அவளிடம் உளறி வைத்ததும் நான்தான். என் வாய்க்குப் பூட்டுப் போட அன்று யாரும் இல்லை.

போட்டிக்குப் பெயர் கொடுக்கப்போகிறேன் என்று அவள் வந்து சொன்னபோது, "வேண்டாம்டி, எல்லாம் முன்னாடியே முடிவாயிடும்னு உனக்குத் தெரியாதா?" என்றேன்.

"முடிவு பண்றவங்க என்னைப் பார்த்துட்டு முடிவு பண்ணட்டுமே" என்றாள். பார்க்கவும் லட்சணமாகத்தான் இருந்தாள். பேச்சும் வரும். பதினெட்டுப் பேரில் ஐந்து பேரை வடிகட்டியபோது அவளும் மிஞ்சினாள். பதினொன்றாம் நம்பர். எனக்கே ஒரு நப்பாசை வந்துவிட்டது.

இதற்கு நடுவில் அவளுக்கு ஒரு வேலை வந்திருந்தது. ரத்தப் பரிசோதனைப் படிப்பு முடித்தவள். வேறொரு நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரி லேபில் இடம் கிடைத்து, இறுதிச் சுற்று நாளன்று மாலை ஆறு மணிக்குள் பதில் எழுதச் சொல்லியிருந்தார்கள். அழகியாகிவிட்டால் ஒரு வருஷம் அமைப்பு கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போக வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்காது.

அன்று காலை தங்கை போன் செய்தாள். அவள் குரலுக்கு ஸ்பீக்கரே வேண்டாம், அடுத்த அறையில் இருப்பவருக்கும் கேட்கும்.

"அக்கா, நீ உள்ள இருக்க. உனக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். அவ இல்லைன்னா பட்டுனு சொல்லிடு. அழுதா அழட்டும். அந்த வேலைக்காவது சரின்னு எழுதட்டும். நான் சொன்னா எங்க கேக்குறா? நீ சொன்னா கேப்பா."

"நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியா இரு" என்றேன்.

போட்டி நடக்கும் ஹோட்டலின் துணி வெளுக்கும் அறைக்குப் பக்கத்தில்தான் எங்களுக்கு இடம். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். இந்தப் பக்கம் ஐந்து நாற்காலி, ஐந்து கண்ணாடி, தரையெல்லாம் ஹேர்பின். பெண்கள் உதடு ஒட்டாமல் சிரிக்கப் பல்லில் வாசலின் தடவிக்கொண்டு பதில்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். கடலைச் சுத்தமாக வைத்திருப்பேன் என்று நாலு பேர் சொல்லிப் பார்த்தார்கள். காலி ஸ்ப்ரே டப்பாக்களை இந்த ஹோட்டல் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று நான் ஒருத்தியிடமும் சொல்லவில்லை.

இரண்டரை மணிக்கு வாசனை வந்தது, பின்னால் சென்ட்டு வந்தார். என் காதருகே குனிந்து, "ஏழு" என்றார்.

ஏழாம் நம்பர், போட்டிக்குப் பணம் போடுகிற சோப்புக் கம்பெனி முதலாளியின் அண்ணன் மகள். திட்டலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை, தங்கமான பெண். நான் நின்றுகொண்டே வேலை செய்கிறேன் என்று தன் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டியவள் அவள் ஒருத்திதான். அவளுக்கு முடிச்சுப் போட்டபோது, "அக்கா, லேசா இழுக்குது" என்றாள். அது எதற்கென்று அவளுக்குத் தெரியவே தெரியாது. என் கை தன் பாட்டுக்கு வேலை செய்தது.

கடைசியாக வாலு வந்து உட்கார்ந்தாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். 'நீ இல்லடி' என்றால் முடிந்தது. மூன்று மணிதான் ஆகியிருந்தது, அழுது முடித்து முகத்தைக் கழுவி மறுபடி மேக்கப் போடக்கூட நேரம் இருந்தது. ஆனால் அவள் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உச்சந்தலையில் வகிடு எடுக்கிறேனா, அப்படியே விட்டுவிடுகிறேனா என்று பார்க்கிறாள். கழுத்து நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது.

வகிடு எடுத்தேன்.

ஏன் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். முகம் தொங்கிப்போய் மேடைக்குப் போக வேண்டாம், இரண்டரை மணி நேரமாவது சந்தோஷமாக நிற்கட்டும் என்று நினைத்தேன். ஐந்தரைக்கு முடிவு சொல்லிவிடுவார்கள், ஆறு வரை நேரம் இருக்கிறது, அந்த வேலைக்கு அப்புறம் சரியென்று எழுதிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். இதெல்லாம் பொய்யில்லை. ஆனாலும் உண்மை வேறு. அவள் முகம் மாறுவதை அந்தக் கண்ணாடியில் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டு பின்னலையும் மெல்லிசாகப் போட்டு, தட்டையாகத் தைத்து மூடினேன். சென்ட்டு கவனிப்பாரே என்ற பயம்கூட இல்லை. தோற்கப்போகிறவள் தலையை அவர் எதற்குப் பார்க்கப்போகிறார்?

முதல் ஊசி உள்ளே போனபோதே அவள் கண் நிறைந்துவிட்டது. மை கலையாமல் இருக்க மேலே பார்த்துக்கொண்டாள்.

"பெரியம்மா, இது அதுதானே?"

"தலையை ஆட்டாம உக்காரு" என்றேன்.

அதை அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். வேறெப்படி எடுத்துக்கொள்வாள்? எழுந்து, உதட்டுச்சாயம் ஒட்டாமல் என் தோளில் முகத்தை வைத்து ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனாள். நான் கீழே கிடந்த ஹேர்பின்களைப் பொறுக்கினேன்.

மேடைக்குப் பக்கத்தில், திரைக்கு உள்ளே ஒரு சின்ன டிவி வைத்திருப்பார்கள். அதில்தான் நாங்கள் பார்ப்போம். வாலு அன்று அத்தனை அழகாக இருந்தாள். கேள்விக்குப் பதில் சொன்னபோது கூட்டம் கை தட்டியது. ஒரு நடுவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார். ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்தவளுக்கு வரும் நிதானம் அது. அதைக் கொடுத்தது நான் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மூன்றாம் இடம், இரண்டாம் இடம் இரண்டையும் அறிவித்தார்கள். மீதி மூன்று பேர் கையைக் கோத்து நின்றார்கள். தொகுப்பாளர் உறையைப் பிரித்தார், கடலைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். இழுத்தடிக்கத்தானே அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"இந்த வருடக் கடற்கரை அழகி..."

வாலு கையை விடுவித்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள். வந்து, லேசாக முழங்காலை மடக்கி, தலையைக் குனிந்தாள். வடிகட்டிக்குக் குனிவாளே, அதே மாதிரி.

"...ஏழாம் நம்பர்."

குனிந்த தலை இரண்டு நொடி அப்படியே இருந்தது. கூட்டத்தில் எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி வரிசை வரிசையாகப் பரவியது. அவள் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் கையைக் கீழே கொண்டுபோனாள். அந்தச் செருப்பில் வாரே கிடையாது. நான் திரையை விட்டு வெளியே ஓடியிருக்கலாம். ஓடவில்லை.

ஏழாம் நம்பர் தலையில் கிரீடத்தை வைத்தார்கள். காற்று அவள் உடையையும் தோளில் போட்ட பட்டையையும் தூக்கி அடித்தது. கிரீடம் அசையவில்லை.

"பிரமாதம்க்கா, ஒரு இம்மிகூட ஆடல" என்று சென்ட்டு என் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

வாலு கீழே எங்கள் அறைக்கு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. மற்ற பெண்கள் இன்னும் மேலே புகைப்படத்துக்கு நின்றுகொண்டிருந்தார்கள். நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறாகப் பத்து நிமிஷம் இருந்தது.

"போன எடு. அந்த வேலைக்குச் சரின்னு எழுதுடி, இன்னும் நேரம் இருக்கு."

"மூணரைக்கே வேண்டாம்னு எழுதிட்டேன்" என்றாள். "உடனே பதிலும் வந்துடுச்சு. லிஸ்ட்ல அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்களாம்."

முடிச்சைப் பிரிக்க அவள் தலையில் கை வைத்தேன்.

"கிரீடம் யாருக்குன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப எனக்கு ஏன் போட்டீங்க?"

"உன் முகம் வாடிடும்னு..." என்றேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

அவள் என் கையை மெதுவாகத் தள்ளிவிட்டு, தானே ஒவ்வொரு ஹேர்பின்னாக உருவி மேஜையில் வைத்தாள். தைத்த நூல் அவிழவில்லை. வெடுக்கென்று இழுத்தாள். நூலோடு கொஞ்சம் முடியும் வந்தது.

மேஜைமேல் என் போன் அடித்தது. எடுத்தேன்.

"டிவில பாத்தேன்கா" என்றாள் தங்கை. "எதுக்கு அப்படி முன்னாடி வந்து குனிஞ்சு நின்னா? பாக்கறவங்க சிரிக்கறாங்க. காலைலயே உன்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, இல்லைன்னா அவகிட்ட சொல்லிடுன்னு. சொன்னியா இல்லையா? வேலைக்கு எழுதிட்டாளா?"

வாலு கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். தன் அம்மா எனக்குச் சொல்லி வைத்திருந்தது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் எட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"அம்மா, பெரியம்மா சொன்னாங்கம்மா. நான்தான் கேக்கல. வேலையும் போச்சு. வீட்டுக்கு வந்து பேசறேன்."

போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டாள். பாதி முடி பின்னலாகவும் பாதி பரட்டையாகவும் அப்படியே கதவைத் தாண்டிப் போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது.

தங்கை விசும்பினாள். "நீ என்னக்கா பண்ணுவ? சொன்னா கேக்குற புள்ளையா அது?"

"ஆமா" என்றேன்.