உச்சிக்கு ஒரு படி கீழே

பட்டம் வாங்குவதற்கு முன்னால் அசினெல்லி கோபுரத்தில் ஏறினால் பட்டம் என்பதே கிடைக்காது. இத்தாலியின் பொலோனியாவில் படிக்க வந்த யாருக்கும் முதல் நாளே இதைக் காதில் போட்டுவிடுவார்கள். பெரிய சதுக்கத்தை நடுவாகக் கடந்தாலும் அதே கதிதான். இதெல்லாம் சுத்தப் பேத்தல் என்று ஒர்னெல்லாவுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் ஒருநாளும் மீறியதில்லை.

சின்ன வயதில் அங்கே சட்டம் படிக்கப் போனவள், கல்யாணம், பிரசவம், வேலை என்று பாதியில் விட்டாள். நாற்பதைத் தொட்ட பிறகு மறுபடி பிடித்து, இப்போதுதான் கரை கண்ணில் படுகிறது. வரும் வியாழக்கிழமை பேராசிரியர்கள் முன் கடைசித் தேர்வு. பார்த்துப் பார்த்து அந்த வாரம்தானா பிள்ளைகளுக்கு ஊர் சுற்றிக் காட்டுவதாக வாக்குக் கொடுத்துத் தொலைக்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை தங்கள் ஊரான ரவென்னாவிலிருந்து ரயிலில் வந்து இறங்கினார்கள். சதுக்கத்தில் மற்றவர்கள் நேராக நடக்க, ஒர்னெல்லா மட்டும் ஓரமாகச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஏன் என்று ஆறு வயது துலியோ துளைத்தெடுத்தான். அம்மாவைக் கிண்டல் செய்யக் கிடைக்கும் எதையும் விடாத மகள் ஜினெவ்ரா, கோபுரத்துக் கதையையும் சேர்த்துப் புட்டுப்புட்டு வைத்தாள். பையன் அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. கையில் ஐஸ்கிரீம் இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கோபுரத்தடியில் ஒர்னெல்லா ஒரு காபிக்கடை நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "ஒனக்கும் சேத்து நாங்களே பாத்துட்டு வர்றோம்," என்று அவள் கணவன் கொர்ராடோ பிள்ளைகளோடு மேலே போனான்.

இரண்டாவது காபி ஆறும்போது ஜினெவ்ரா மட்டும் மூச்சிரைக்க இறங்கி வந்தாள். உச்சிக்கு ஒரு படி கீழே துலியோ கம்பியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டானாம். மேலேயும் போகமாட்டானாம், கீழேயும் வரமாட்டானாம். அப்பா தூக்கப் போனால் ஊரைக் கூட்டுகிறானாம்.

வியாழக்கிழமை வரை அவன் அங்கேயே இருந்துவிட்டால் என்ன என்று பெற்றவளுக்கே ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் ஓடினாள். தேய்ந்து வழுக்கும் மரப்படிகளில் ஏற ஏற, சட்டம் படித்த மூளை ஒரு சந்து கண்டுபிடித்தது: உச்சியை மிதிக்காத வரைக்கும் ஏறியதாக ஆகாது. பையனை அள்ளிக்கொண்டு அப்படியே திரும்பிவிடலாம்.

மேலே, குறுகலான படிக்கட்டில் ஒரு சுற்றுலாக் கூட்டம் அடைத்துக்கொண்டு முணுமுணுத்தது. கொர்ராடோ அசடு வழிய நின்றான். மன்னிப்புக் கேட்டுக் கேட்டு இடித்துப் பிடித்து அவள் மகனிடம் போய்ச் சேர்ந்தாள். உயரம் பயமாக இருக்கிறதா என்று கேட்டாள். இல்லையென்று தலையாட்டினான்.

"செப்டம்பர்ல நான் ஸ்கூலுக்குப் போணும்ல. மேல ஏறுனா நான் பாஸாவே மாட்டேன்."

ஒர்னெல்லாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அது சும்மா சொல்றதுடா கண்ணு."

"அப்ப நீ ஏன் வரல?"

அவள் மகனைத் தாண்டிக் காலை வைத்து, யோசிப்பதற்குள் உச்சியில் ஏறி நின்றாள். காற்று கூந்தலைக் கலைத்தது. துலியோ கீழேயிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இனிமே ஒனக்குப் பட்டம் கிடைக்காதா?"

"கிடைக்கலன்னா, அது நான் ஒழுங்கா படிக்காததால. கோபுரத்தால இல்ல."

"நீ ஒழுங்கா படிச்சியா?"

எப்போது முடிப்பாய், இந்த வயதில் எதற்கு என்றெல்லாம் ஊரே கேட்டிருக்கிறது. இதை மட்டும் யாரும் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. தக்காளி கொதிக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றும், பல் மருத்துவமனை வாசலில் காத்திருந்தும், துணி காயப்போட்டுக்கொண்டும் ஒப்பித்த பக்கங்கள் ஞாபகம் வந்தன.

"படிச்சேன்டா. ரொம்ப நல்லாவே படிச்சேன்."

"அப்புறம் எதுக்குப் பயந்த?" என்று சலித்துக்கொண்டே துலியோ எழுந்து உச்சியில் கால் வைத்தான். பின்னாலிருந்த கூட்டமும் அப்பாடா என்று மேலே வந்தது.