முதுகு காட்டிய செம்பருத்தி

அந்த ஊரில் டீச் செம்பருத்தி வளர்க்கும் நாற்பத்தோரு வீடுகளிலும் பூ தையல்கார அக்காவின் வீட்டைப் பார்த்துத்தான் மலரும். வெயில் எந்தப் பக்கம் அடித்தாலும் அப்படித்தான். வங்கிக்கு வடக்கே இருப்பவர்கள் வீட்டில் பூ தெற்கே பார்க்கும், பள்ளிக்கூடத் தெருவில் மேற்கே பார்க்கும், அக்காவுக்கு மேல் மாடியில் குடியிருக்கும் லாரி ஓட்டுநரின் தொட்டியில் தலையைத் தொங்கப்போட்டுத் தரையைப் பார்க்கும். முதல் வருடம் இதைப் பற்றிக் கொஞ்சம் பேச்சு இருந்தது. நகராட்சிப் பொறியாளர் திசைகாட்டியும் கையுமாக ஒரு வாரம் அலைந்துவிட்டு, காற்றோட்டம்தான் காரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். முடிதிருத்துபவர் தன் தொட்டியைக் கடையின் சுழல் நாற்காலியில் தூக்கி வைத்து, மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுக் கதவைப் பூட்டினார். காலையில் வந்து திறந்தால் நாற்காலியே திரும்பியிருந்தது. வாடிக்கையாளர் காத்திருந்ததால் தொட்டியை இறக்கி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

ஊருக்கு அதோடு அதிசயம் தீர்ந்துபோயிற்று. நர்சரிக்காரருக்குத்தான் தீரவில்லை. அவர் அக்காவின் கூடப்பிறந்த தம்பி. கல்யாணம் என்று ஒன்று அவருக்கு அமையவில்லை, அமையாததைப் பற்றி அவர் பெரிதாக அலட்டிக்கொள்ளவும் இல்லை. மதியம் ஒரு மணிக்கு நர்சரிக் கேட்டைச் சாத்திவிட்டு அக்கா வீட்டில் போய்ச் சாப்பிடுவார். இந்த உலகத்தில் அவரை 'டா' போட்டுக் கூப்பிட இருந்த ஒரே ஆள் அக்காதான்.

டீச் செம்பருத்தி அக்கா உண்டாக்கியது. வாங்கியதும் இல்லை, யாரும் கொடுத்ததும் இல்லை. விடியற்காலையில் ஒரு பூவின் மகரந்தத்தைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு இன்னொரு பூவின் சூலகத்தில் தடவி, எந்தப் பூவுக்கு எந்தப் பூ மாப்பிள்ளை என்று மறக்காமல் இருக்கக் காம்பில் கலர் நூல் கட்டுவார். தையல் கடை நூல்கண்டுக்கு என்ன பஞ்சம்? காய் முற்றி, விதை எடுத்து, முளைக்க வைத்து, அது முதல் பூ விட ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். பூத்தபின் பார்த்தால் பழைய சிவப்பே பல்லைக் காட்டும். இப்படி ஆறு வருடம். இருநூறுக்கும் மேற்பட்ட கன்றுகளை வேண்டாம் என்று கழித்துக் கட்டினார். கடைசியில் ஒரே ஒரு கன்று, பால் சற்றுத் தூக்கலாக விழுந்த டீயின் நிறத்தில், நடுவில் அடர் சிவப்பாக, கை அகலத்துக்குப் பூத்தது. அக்கா அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை. யாரோ ஒருவருடைய பள்ளிச் சீருடை ஒரு நாள் தாமதமானது. பூ சாயங்காலம் வாடும்வரை பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்கு மறு வருடம் வெளியூரில் இருந்த மகளுக்குப் பிரசவம். அக்கா எட்டு மாதம் அங்கே போய் இருக்க வேண்டியதாயிற்று. செடியைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். தம்பியை விட்டால் செடி தெரிந்தவர் வேறு யார்? தம்பி அதை நர்சரிக்கே தூக்கிக்கொண்டு போய் முன்வாசலில் வைத்தார். அங்கேதான் சனி பிடித்தது. வந்தவர்கள் எல்லாம் இதில் ஒரு கன்று வேண்டும் என்றார்கள். நர்சரிக்காரருக்கு இல்லை என்று சொல்ல வராது. அது ஒரு வியாதி. முதலில் நாலு பேருக்குச் சரி என்றார், பிறகு பத்து பேருக்கு. சரி சொன்னவர்களின் எண்ணிக்கை நாற்பதைத் தாண்டியபோது கோடை உச்சியில் இருந்தது. அந்த வெயிலில் செம்பருத்தியை மொட்டையடிக்கக் கூடாது என்பது நர்சரியில் ஒரு மாதம் வேலை பார்த்தவனுக்கும் தெரியும். அவருக்கு முப்பது வருடம். இருந்தும் வெட்டினார். பென்சில் பருமனில் நாற்பத்திரண்டு குச்சிகள். வேர்விட வைக்கும் பொடியில் தோய்த்துப் பைகளில் நட்டதில் நாற்பத்திரண்டும் பிடித்துக்கொண்டன. தாய்ச்செடி பன்னிரண்டாம் நாள் கட்டையாகக் காய்ந்தது.

அதை வேரோடு பிடுங்கி நர்சரியின் பின்னால் இருந்த எருக்குழியில் போட்டு மூடினார். அக்காவின் தொட்டியில், அதே மண்ணில், நாற்பத்திரண்டில் ஒன்றை வைத்தார். அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. குச்சியில் வந்த செடி வேறு செடி இல்லை, தாய்ச்செடியேதான். இது தொழிலில் எல்லாரும் சொல்வது, பொய்யும் இல்லை. ஆகவே அக்காவின் செடி சாகவில்லை. இதைத் தனக்குத்தானே ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டார். அக்கா திரும்பி வந்து, "என்னடா, இத்துனூண்டா இருக்கு" என்று கேட்டபோது, "கவாத்து பண்ணேன்க்கா, கிளையெல்லாம் வெட்டிவிட்டு" என்றார். தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அக்கா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை மட்டும் அவரால் விழுங்க முடியவில்லை.

தொட்டியை வீட்டுப் பின்பக்கத்தில், சுற்றுச்சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தார்கள். அந்த மாதமே ஊரெல்லாம் பூக்கத் தொடங்கியது, எல்லாப் பூவும் அக்கா வீட்டைப் பார்த்து. அக்காவின் சொந்தச் செடி மட்டும் சுவரைப் பார்த்துப் பூத்தது. சமையலறை வாசலில் நின்றால் பூவின் முதுகுதான் தெரியும். தொட்டியைத் திருப்பி வைத்தால் மறுநாள் பூ மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பி மலரும். நர்சரிக்காரர் ஒருநாள் அக்கா இல்லாத நேரம் பார்த்து நூல் பிடித்துப் பார்த்தார். பூவிலிருந்து நேர்க்கோடு சுவரைத் தாண்டி, தெருவைத் தாண்டி, தன் எருக்குழியில் போய் முடிந்தது. நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

அக்காவுக்குக் குழி தெரியாது. அதனால் அவர் தனக்குத் தெரிந்த காரணத்தை எடுத்துக்கொண்டார். "எட்டு மாசம் விட்டுட்டுப் போனேன்ல. கோவிச்சுக்கிச்சு." அன்றிலிருந்து ஒரு நாள்கூட ஊரை விட்டு நகரவில்லை. பேரனைப் பார்க்க வேண்டும் என்றால் மகள்தான் விடுமுறைக்குத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். தினமும் மதியம் தம்பிக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, செம்பைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டபடி பேசுவார். "இனிமே எங்கயும் போகமாட்டேன் தாயி. தப்புதான். என்னைக் கொஞ்சம் திரும்பிப் பாரு." நர்சரிக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பார், அதற்குள் ஒரு கவளத்தைப் போட்டு அடைத்துக்கொள்வார். இப்படியே ஒன்பது வருடம் ஓடிற்று. பேரனுக்குப் பல் விழுந்து முளைத்தது. அக்காவுக்குக் கண்ணாடி வந்தது, ஊசியில் நூல் கோக்க ஆள் வைத்துக்கொண்டார்.

ஒன்பதாவது வருடம் மகளிடமிருந்து போன் வந்தது. இரண்டாவது குழந்தை வயிற்றில் ஆறு மாதம், உடம்பு சரியில்லை, படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அம்மா வந்தால் தேவலை. அக்கா போனைக் காதில் வைத்தபடி பின்பக்கம் பார்த்தார். "ஒரு ஆளை ஏற்பாடு பண்ணும்மா. நான் எப்படி வருவேன், இங்க இது இருக்கே" என்றார். மகள் அந்தப் பக்கம் அழுவது சாப்பிட்டுக்கொண்டிருந்த நர்சரிக்காரருக்கே கேட்டது. பெற்ற பெண்ணைவிடச் செடி பெரிதாகப் போய்விட்டதா என்று அவள் கேட்டதும் கேட்டது. அக்கா போனை வைத்துவிட்டு, வழக்கம்போல் செம்பை எடுத்தார்.

நர்சரிக்காரர் எச்சில் கையோடு எழுந்து பின்னாலேயே போனார்.

"அக்கா, அது உன் செடி இல்ல."

எல்லாவற்றையும் சொன்னார். கோடை, நாற்பத்திரண்டு குச்சி, பன்னிரண்டாம் நாள், கவாத்து என்று சொன்ன பொய். குச்சியும் தாயும் ஒன்றுதான் என்ற நியாயத்தையும் நடுவில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் வெட்கமாகி நிறுத்திவிட்டார். அக்கா செம்பைக் கீழே வைக்கவில்லை.

"எங்க போட்ட?"

அவர் சுவர்ப் பக்கம் கையைக் காட்டினார். கை காட்டிய திசையையும் பூ பார்த்த திசையையும் அக்கா மாறி மாறிப் பார்த்தார். பிறகு தண்ணீரை வேரில் ஊற்றினார், நிதானமாக, ஒரு சொட்டு சிந்தாமல்.

"செடி செத்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லலடா. செடின்னா சாகும். நான் தினம் இங்க நின்னு இதுகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு இருந்தேன். நீ உள்ள உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்த."

நர்சரிக்காரரின் கையில் சாப்பாடு காய்ந்து இழுத்தது.

மறுநாள் காலைப் பேருந்தில் அக்கா மகள் ஊருக்குக் கிளம்பினார். வீட்டுச் சாவியைத் தம்பி கையில் கொடுக்காமல் மாடிவீட்டு ஓட்டுநரிடம் கொடுத்தார், தம்பி வந்து கேட்டால் பின்பக்கக் கதவை மட்டும் திறந்துவிடச் சொன்னார். பேருந்து நகர்ந்தபோது நாற்பத்தோரு வீடுகளிலும் அன்றைய பூக்கள் அதோடு சேர்ந்து திரும்பின. வாசலில் பல் தேய்த்துக்கொண்டு நின்றவர்கள் பார்த்தார்கள். அக்கா வெளியூர் போகிறார் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு வாயைக் கொப்பளித்தார்கள். அது முதல் அவை கிழக்கே, மகள் ஊர் இருக்கும் பக்கம் பார்த்தே மலர்கின்றன. பெண் குழந்தை பிறந்த செய்தி தம்பிக்கு ஓட்டுநர் சொல்லித்தான் தெரிந்தது. எப்போது திரும்புவார் என்று அக்கா சொல்லவில்லை, கேட்க நர்சரிக்காரருக்கு வாய் வரவில்லை.

பின்பக்கத்துச் செடி மட்டும் சுவரையே பார்க்கிறது. நர்சரிக்காரர் ஒரு மணிக்கு வருகிறார். இந்தப் பக்கம் நின்றே தண்ணீர் ஊற்றலாம், பூவின் முதுகுக்குப் பின்னால், யாரும் கேட்கப்போவதில்லை. முதல் சில நாள் அப்படித்தான் ஊற்றினார். இப்போது தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள அந்த ஒரு முழ இடத்துக்குள் தொப்பையை எக்கி நுழைந்து, சுவரில் முதுகை ஒட்டி நிற்கிறார். அங்கே நின்றால் அன்று மலர்ந்தவை அத்தனையும் நேராக அவர் முகத்தைப் பார்க்கும். சொட்டுச் சொட்டாக ஊற்றும் செம்புத் தண்ணீர் மண்ணில் இறங்க அரை மணி நேரம் பிடிக்கிறது. அதுவரை அவர் கண்ணை வேறு பக்கம் திருப்புவதில்லை.