நாலாம் மாடிக்கு ஒரு சிலிண்டர்

ஷஹாத்தா என் அறைக்குள் வரும்போதே ஸ்கேன் படத்தைப் பிளாஸ்டிக் பையோடு நெஞ்சில் அணைத்திருந்தார். இடுப்பில் அகலமான கம்பளிப் பட்டை. பின்னாலேயே அவர் மனைவி நகிய்யா, அவர் உட்காருவதற்கென்று வீட்டிலிருந்து கொண்டுவந்த தலையணையோடு.

"முதல்ல படத்தைப் பாருங்க டாக்டரம்மா. காபிக்கடையில எல்லாரும் பாத்துட்டாங்க, நீங்க ஒருத்தர்தான் பாக்கல."

"படம் எங்கயும் ஓடிப்போயிடாது அண்ணே. நீங்க நடந்து காட்டுங்க."

அலெக்சாந்திரியாவில் எங்கள் கர்மூஸ் பகுதியின் பாதி வீடுகளுக்கு இருபது வருடமாக கேஸ் சிலிண்டர் சுமந்தவர். முதுகு பிடித்ததும் தெருவே கூடி வைத்தியம் சொல்லியிருக்கிறது: பலகையில் அசையாமல் படு. நாற்பது நாள் படுத்திருக்கிறார். இந்தப் பலகையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குதிகாலில் நடக்கவிட்டேன், விரல் நுனியில் நடக்கவிட்டேன், முழங்காலைத் தட்டினேன், சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்று மனைவி எதிரிலேயே கேட்டேன். நரம்புகள் தெம்பாகத்தான் இருந்தன. படத்தில் முதுகெலும்பு வட்டு பிதுங்கியிருந்தது உண்மை. அதே பிதுக்கத்தோடு வலியே இல்லாமல் நடமாடுகிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் ஒரு சர்ஜன் அறுவைக்கு நாள் குறித்துவிட்டார். கேஸ் டிப்போ முதலாளி ஹாஜி மித்வல்லியோ, இன்னும் ஆறு வாரத்தில் வேலைக்குத் திரும்பாவிட்டால் ஷஹாத்தா சிலிண்டர் போடும் தெருக்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

"அதுகூடப் பரவாயில்ல. பள்ளிவாசல்ல கிழவனுங்களோட நாற்காலியில உக்காந்து தொழறேன்," என்றபோது அவர் குரல் உடைந்தது.

"தொழுகையில எப்படிக் குனிவீங்க? ருகூ காட்டுங்க."

"தொழுகைய நடிச்சுக் காட்டச் சொல்றீங்களா?" முகம் சிவந்துவிட்டது. கேட்டது தப்புதான். ஜன்னல் வழியாக மாலை அஸர் தொழுகைக்கான பாங்கு வரும்வரை காத்திருந்தேன். பிறகு சுத்தமான விரிப்பை எடுத்துத் தரையில் விரித்தேன்.

"நெசமாவே தொழுங்க. நாற்காலி தர மாட்டேன்."

பட்டையை அவிழ்த்துவிட்டு நின்றார். வெகுநேரம் நின்றார். பிறகு குனிந்தார். இடுப்பு மடங்கியது, முதுகு மேசைபோல் நேராகவே இருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. நெற்றியைத் தரையில் வைக்கும் சஜ்தா முடியவில்லை, உட்கார்ந்தபடி தலை தாழ்த்தினார். முடித்ததும், சிலிண்டரை எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டேன். கூன் விழுந்தவர்போல் வளைந்து காட்டினார்.

நகிய்யா சிரித்துவிட்டாள். "படைச்சவனுக்கு முன்னால நேரா குனியுறாரு, சிலிண்டருக்கு முன்னாலதான் கூனிக்குறுகுறாரு!"

அதுதான் என் மருந்துச்சீட்டு. பலகையும் பட்டையும் கூடாது, தினமும் நடக்க வேண்டும், எதை எடுத்தாலும் ருகூவில் குனிவதுபோல் குனிய வேண்டும். முதலில் காலி வாளி, பிறகு பாதித் தண்ணீர், பிறகு முழு வாளி. அறுவை நாள் வந்தது, அவர் போகவில்லை. இரண்டாம் வாரம் கால் எரிகிறது என்று வந்தார். "எம்புருசன மொடமாக்கிட்டீங்க," என்று நகிய்யா கத்தினாள். மறுபடி எல்லாம் சோதித்தேன், கால்விரல்களில் வலு குறையவில்லை. வாளியைப் பாதியாக்கினேன், நிறுத்தவில்லை. அவர்கள் போன பிறகு என் குறிப்புகளை முதலிலிருந்து மறுபடி படித்தேன். நான் தவறியிருந்தால் பாழாவது அவர் பிழைப்பு.

ஆறாம் வாரக் கடைசி நாள் டிப்போவுக்குப் போனேன். எனக்கு அங்கே வேலையே இல்லை, இருந்தும் போனேன். நகிய்யாவும் அதே தலையணையோடு வந்திருந்தாள். ஹாஜி எதிர்க் கட்டடத்தைக் காட்டினார். "நாலாம் மாடி. நடுவுல இறக்கி வச்சா கணக்குல சேராது."

ஷஹாத்தா காலை அகட்டி நின்று, நேர் முதுகோடு குனிந்தார். நிறை சிலிண்டர் தோளுக்கு ஏறியது. படிக்கட்டு இருட்டுக்குள் செருப்புச் சத்தம் சீராகப் போனது. ஒரு மாடி, இரண்டு மாடி. மூன்றாவதில் நின்றுவிட்டது.

"என்ன டாக்டரம்மா?" என்றார் ஹாஜி.

நகிய்யா தலையணையை இறுக்கிப் பிடித்தாள். மூன்றாம் மாடிப் படிக்கட்டு ஜன்னலுக்குப் பக்கத்து பால்கனியில் ஒரு பெண் எட்டிப் பார்த்து, காய்கறி வாங்கும் கூடையைக் கயிற்றில் இறக்கினாள்.

"தோள்ல இருந்து இறக்கலே!" என்று மேலிருந்தே கத்தினாள். "ஒரு கையால பிடிச்சுக்கிட்டு, மறு கையால இத உருவி ஜன்னல் வழியா குடுத்தாரு. இறுக்கி மூச்சு முட்டுதாம்."

கூடை ஆடி ஆடி எங்கள் முன்னால் வந்து நின்றது. உள்ளே அந்தக் கம்பளிப் பட்டை, வியர்வையில் நனைந்து.

"சட்டைக்குள்ள கட்டிட்டு வந்திருக்காரு, திருட்டு மனுசன்," என்று நகிய்யா முணுமுணுத்தாள்.

மேலே செருப்புச் சத்தம் மறுபடி தொடங்கியது.